கிரீன் கார்டு டூ சிட்டிசன்ஷிப்: எப்போது விண்ணப்பிக்கலாம்? கட்டணம் எவ்வளவு? ஊர்ல இருக்கிற தோப்பு என்ன ஆகும்? முழு விவரம்

"கிரீன் கார்டு வந்து அஞ்சு வருஷம் ஆகப் போகுது. சிட்டிசன்ஷிப்புக்கு இப்பவே போட்டுடலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?"

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகளில் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்த பல வீடுகளில், ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அடிக்கடி வரும் கேள்வி இது. அந்தப் பக்கம் கட்டணக் கவலை. இந்தப் பக்கம் வேறு கவலை: "அமெரிக்கா சிட்டிசன் ஆகிட்டா, மலையடிவாரத்துல இருக்கிற மாந்தோப்பு அவன் பேருக்கு வராதாமே?"

இரண்டு கவலைகளுக்கும் விதிகளில் தெளிவான பதில் இருக்கிறது. கட்டணம், தேதி, நிலம் என ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எத்தனை பேர் விண்ணப்பிக்கிறார்கள்?

2024 நிதியாண்டில் சுமார் 8.18 லட்சம் பேர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்கள். அதில் சுமார் 49,700 பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். மெக்சிகோவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்குத்தான்.

இந்தியக் கணக்கிலும் இது தெரிகிறது. எல்லா நாடுகளையும் சேர்த்து 2022-ல் 2,25,620 பேரும், 2023-ல் 2,16,219 பேரும், 2024-ல் 2,06,378 பேரும் இந்தியக் குடியுரிமையைத் துறந்ததாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்துள்ளது.

'துறந்தார்கள்' என்ற வார்த்தைதான் இங்கே முக்கியம். இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. 1955-ம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவின்படி, ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டின் குடியுரிமையைப் பெற்ற உடனேயே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும். அமெரிக்கா மட்டுமல்ல, கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் என எந்த நாடாக இருந்தாலும் இதே விதிதான்.

அதனால்தான் இந்த விண்ணப்பத்தை, டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிப்பது மாதிரி ஒரு ஆபீஸ் வேலையாக யாரும் நினைப்பதில்லை.

விண்ணப்பிக்க என்ன தகுதி?

கிரீன் கார்டு என்பது நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை. அதிலிருந்து குடியுரிமைக்குப் போக 'என்-400' என்ற விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும். அடிப்படைத் தகுதிகள் இவை:

கிரீன் கார்டு கிடைத்து 5 வருடம் ஆகியிருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனை அல்லது குடிமகளைத் திருமணம் செய்து, அவரோடு சேர்ந்து வாழ்பவர்களுக்கு 3 வருடம் போதும்.

அந்த 5 வருடத்தில் குறைந்தது பாதி, அதாவது 30 மாதங்கள், அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். 3 வருடக் கணக்கில் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதங்கள்.

விண்ணப்பிக்கும் மாநிலத்தில் அல்லது மாவட்டத்தில் கடைசி 3 மாதம் குடியிருந்திருக்க வேண்டும்.

5 வருடம் முழுதாக முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 90 நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். ஆனால் 91-வது நாள் போட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். கட்டிய பணமும் திரும்ப வராது. எனவே கிரீன் கார்டில் அச்சிடப்பட்டிருக்கும் 'ரெசிடென்ட் சின்ஸ்' தேதியை வைத்து நாளை எண்ணி, ஒன்றிரண்டு நாள் தள்ளியே போடுவது நல்லது.

கட்டணம் எவ்வளவு?

2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, ஆன்லைனில் விண்ணப்பித்தால் 710 டாலர். காகிதத்தில் அனுப்பினால் 760 டாலர். ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆன்லைன் கட்டணம் சுமார் 63,900 ரூபாய். கணவன், மனைவி இருவரும் போட்டால் சுமார் 1.28 லட்சம்.

குடும்ப வருமானம் அமெரிக்க அரசின் வறுமைக்கோட்டு அளவில் 400 சதவீதத்துக்குள் இருந்தால் 380 டாலர்தான். ஏறக்குறைய பாதி. இந்தச் சலுகை கேட்பவர்கள் காகித விண்ணப்பம்தான் கொடுக்க வேண்டும். ஒரே சம்பளத்தில் நாலைந்து பேர் இருக்கும் குடும்பம் என்றால், இந்த வரம்புக்குள் வருகிறோமா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது லாபம்.

செலவு இதோடு முடியாது. குடியுரிமை வந்தபின் அமெரிக்க பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர்களுக்கு 130 டாலரும், முதல் தடவை என்பதால் கூடுதலாக 35 டாலரும் ஆகும். இந்தியாவுக்கு வந்துபோக வேண்டும் என்றால் 'ஓசிஐ' எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டைக்கு 275 டாலர். இந்த மூன்றையும் கூட்டினால் ஒருவருக்கு 1,150 டாலர், நம் பணத்தில் சுமார் 1.03 லட்சம். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துத் துறப்புச் சான்றிதழ் வாங்கும் கட்டணமும், சேவை மையத்தின் கட்டணமும் தனி.

"ஃபீஸ் ஏறிடும்"னு அவசரப்படணுமா?

கட்டணம் ஏறப்போகிறது என்ற பேச்சு கிளம்பும்போதெல்லாம் விண்ணப்பங்கள் குவிவது வழக்கம். 2007 ஜூலை கடைசியில், கைரேகைக் கட்டணம் உட்பட 400 டாலராக இருந்தது 675 டாலராக உயர்ந்தது. அந்த நிதியாண்டில் மட்டும் சுமார் 13.8 லட்சம் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. 2016 டிசம்பரில் அது 725 டாலர் ஆனது.

2020 அக்டோபரில் ஒரேயடியாக 1,170 டாலராக உயர்த்தும் உத்தரவு வந்தது. அது அமலுக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்பு கலிஃபோர்னியா நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. பிறகு 2024-ல் வந்த திருத்தத்தில், ஆன்லைனில் போடுபவர்களுக்கு 725-லிருந்து 710 ஆக, 15 டாலர் குறைந்தது.

ஆக, 17 வருடத்தில் ஒரு பெரிய ஏற்றம், சில சிறிய ஏற்றங்கள், நின்றுபோன ஒரு ஏற்றம், ஒரு சிறிய இறக்கம். ஏறிவிடும் என்ற பயத்தில் தகுதி வருவதற்கு முன்பே ஓடவும் தேவையில்லை. இறங்கும் என்று காத்திருப்பதிலும் பெரிய பலன் இல்லை. உண்மையில் கையைக் கடிப்பது கட்டணம் ஏறுவது அல்ல, தேதியைக் கவனிக்காமல் விடுவதுதான். அது எப்படி?

முதல் தேதி: கார்டு காலாவதி ஆகும் நாள்

கிரீன் கார்டு 10 வருடத்துக்குச் செல்லும். அதைப் புதுப்பிக்க ஆன்லைனில் 415 டாலர், காகிதத்தில் 465 டாலர். சுமார் 37,000 ரூபாய்க்கு மேல்.

"சிட்டிசன்ஷிப் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டு, 10-வது வருடம் கார்டைப் புதுப்பித்து, அடுத்த வருடமே குடியுரிமைக்கும் விண்ணப்பிப்பவர்கள் உண்டு. இரண்டு தடவை பணம் கட்டியதுதான் மிச்சம்.

2022 டிசம்பர் முதல் இதற்கு ஒரு வழி இருக்கிறது. என்-400 விண்ணப்பித்தவர்களுக்கு, அதன் ரசீதே கிரீன் கார்டை 24 மாதம் நீட்டித்துக் கொடுக்கிறது. பழைய கார்டையும் அந்த ரசீதையும் சேர்த்துக் காட்டினால் போதும். எனவே கார்டு முடியப் போகிறது, குடியுரிமை வாங்கும் எண்ணமும் இருக்கிறது என்றால், புதுப்பிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது தேதி: பிள்ளையின் 18-வது பிறந்தநாள்

இந்தியர்களுக்கு வேலைவாய்ப்பு வழியில் கிரீன் கார்டு கிடைக்கப் பல வருடக் காத்திருப்பு ஆகிறது. 10 வருடத்தைத் தாண்டியவர்கள் ஏராளம். கார்டு கைக்கு வரும்போது பெற்றோருக்கு 40 வயது தாண்டியிருக்கும், பிள்ளை உயர்நிலைப் பள்ளியை நெருங்கியிருக்கும்.

2000-ம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, அப்பா அல்லது அம்மா யாராவது ஒருவர் குடியுரிமை பெற்றால், 18 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கும் தானாகவே குடியுரிமை வந்துவிடும். பிள்ளைக்கும் கிரீன் கார்டு இருக்க வேண்டும், அமெரிக்காவில் அந்தப் பெற்றோருடன் வாழ வேண்டும். பிள்ளைக்கென்று தனியாக என்-400 தேவையில்லை, 710 டாலரும் தேவையில்லை. நேரடியாக அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். குடியுரிமைச் சான்றிதழ் தனியாக வேண்டும் என்றால் மட்டும் ஆன்லைனில் 1,335 டாலர் ஆகும்.

இங்கே கணக்கில் எடுக்க வேண்டியது விண்ணப்பித்த நாள் அல்ல, பெற்றோர் உறுதிமொழி எடுக்கும் நாள். விண்ணப்பத்துக்கும் உறுதிமொழிக்கும் இடையே பல மாதங்கள் ஆகலாம். பிள்ளைக்குப் பதினேழரை வயது ஆகும்போது விண்ணப்பித்தால், உறுதிமொழிக்கு முன்பே 18 முடிந்துவிடக் கூடும். அதன்பின் பிள்ளை தனியாகத் தகுதி பெற்று, தனியாகப் பணம் கட்டி, தனியாகத் தேர்வு எழுத வேண்டும்.

ஒரு உதாரணம். பிள்ளைக்கு 12 வயதில் குடும்பத்துக்கே கிரீன் கார்டு வந்தது என்றால், 17-ல் பெற்றோருக்கு 5 வருடம் முடியும். 90 நாள் முன்பே விண்ணப்பித்தால் ஒரு வருடத்துக்கு மேல் அவகாசம் இருக்கும். "ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பணம் புரட்டணும், அடுத்த வருஷம் போடலாம்" என்று தள்ளினால் அந்த அவகாசம் போய்விடும். பணம்தான் பிரச்சினை என்றால், பெற்றோரில் ஒருவர் மட்டும் முதலில் விண்ணப்பித்தாலே பிள்ளைக்குப் போதும்.

மூன்றாவது தேதி: ஊருக்கு வந்து தங்க வேண்டிய நாள்

அப்பாவுக்கு மதுரையில் இருதய ஆபரேஷன். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிவு. பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இப்படி ஒரு நிலைமையில், கிரீன் கார்டு வைத்திருக்கும் பிள்ளை ஊருக்கு வந்து எத்தனை மாதம் தங்கலாம்?

ஒரே பயணத்தில் 6 மாதத்துக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால், குடியுரிமைக்கான தொடர் வசிப்பு அறுந்துவிட்டதாகவே அதிகாரிகள் எடுத்துக்கொள்வார்கள். வீடு, வேலை, வரி போன்ற ஆதாரங்களைக் காட்டி அதை மறுக்கலாம். ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் இருந்துவிட்டால் தொடர் வசிப்பு அறுந்தே போகும். 5 வருடக் கணக்கில் இருப்பவர்கள் திரும்பிப் போனபிறகு குறைந்தது 4 வருடமும் 1 நாளும் காத்திருந்துதான் மறுபடி விண்ணப்பிக்க முடியும். கிரீன் கார்டே கேள்விக்குள்ளாகும் ஆபத்தும் இருக்கிறது.

'ரீஎன்ட்ரி பர்மிட்' என்ற ஒன்று இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அதற்குக் கட்டணம் 630 டாலர். அமெரிக்காவில் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும், அதிகபட்சம் 2 வருடம். அது கிரீன் கார்டைக் காப்பாற்ற உதவும். ஆனால் குடியுரிமைக்கான தொடர் வசிப்புக் கணக்கைக் காப்பாற்றாது. 630 டாலர் கட்டியும் 5 வருடக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடலாம் என்பதைப் பலர் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டால் இந்தக் கெடு எதுவும் இல்லை. ஓசிஐ அட்டையோடு வந்து ராஜபாளையத்தில் ஒரு வருடமோ, மூன்று வருடமோ தங்கிப் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளலாம். திரும்பிப் போகும் உரிமை அப்படியே இருக்கும். ஊரை விட்டுக் கொடுக்கிற காகிதம் என்று நினைக்கப்படும் குடியுரிமைதான், நடைமுறையில் ஊருக்கு வந்து நீண்டநாள் தங்க வழிவிடுகிறது.

பெற்றோரை அங்கே அழைத்துப் போகவும் அது வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் அப்பா, அம்மாவுக்கு கிரீன் கார்டு கேட்க முடியாது. 21 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமகன் கேட்கலாம், அதற்கு வருடாந்திர எண்ணிக்கை வரம்பும் கிடையாது.

உறுதிமொழிக்கும் ஓசிஐக்கும் நடுவே ஒரு சிக்கல்

இதைப் பெரும்பாலும் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

உறுதிமொழி எடுக்கும் விழாவிலேயே கிரீன் கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அந்த நிமிடமே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுவதால் இந்தியப் பாஸ்போர்ட்டைப் பயன்படுத்தக் கூடாது. அதில் இன்னும் பல வருடம் செல்லுபடிக் காலம் இருந்தாலும் சரி. அமெரிக்க பாஸ்போர்ட் அதற்குப் பிறகுதான் விண்ணப்பித்து வர வேண்டும். அது வந்தபின் துறப்புச் சான்றிதழ், அதன்பின் ஓசிஐ. ஓசிஐ வரும்வரை இந்தியாவுக்கு வர விசா வேண்டும்.

ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வர டிக்கெட் போட்டுவிட்டு, அதற்கு இரண்டு வாரம் முன்பு உறுதிமொழி எடுத்தால் பயணம் சிக்கலாகிவிடும். தேர் அடுத்த வருடமும் ஓடும். ஆனால் ஊரிலிருந்து நடுராத்திரியில் ஒரு துக்கச் செய்தி வந்தால்? உயிர் சம்பந்தமான அவசரத்துக்கு அமெரிக்க பாஸ்போர்ட்டை விரைவாகப் பெறவும், இந்தியத் தூதரகத்தில் அவசர விசா பெறவும் வழி இருக்கிறது. ஆனாலும் சில நாட்கள் கைவிட்டுப் போகலாம்.

பெற்றோரின் உடல்நிலை மோசமாக இருக்கும் நேரத்தில் உறுதிமொழித் தேதி வந்தால், அதை மாற்றித் தரும்படி கேட்கலாம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தைத் தயாராகப் பூர்த்தி செய்து வைத்திருந்து, உறுதிமொழி எடுத்த மறுநாளே கொடுப்பதும் நாட்களைக் குறைக்கும்.

"சிட்டிசன் ஆகிட்டா தோப்பு வராதா?"

ராஜபாளையம் பக்கம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும், கண்மாய்ப் பாசனத்தில் நெல் வயலும் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: இந்தத் தடை அமெரிக்கக் குடிமகன் ஆனபிறகு புதிதாக வருவது அல்ல. 2019-ம் ஆண்டின் அந்நியச் செலாவணி விதிகளின்படி, வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியக் குடிமகனும் (என்ஆர்ஐ) சரி, ஓசிஐ அட்டைதாரரும் சரி, இந்தியாவில் விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டப்பயிர் நிலம் ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. வீடு, மனை, கடை வாங்க இருவருக்கும் தடை இல்லை. கிரீன் கார்டோடு அமெரிக்காவில் இருக்கும்போதே இந்த விதிக்குள்தான் இருக்கிறார்கள்.

இரண்டாவது, வாரிசாக வருவதற்குத் தடை இல்லை. பெற்றோர் காலத்துக்குப் பிறகு வாரிசுரிமையாகவோ உயில் மூலமாகவோ வரும் விவசாய நிலத்தை என்ஆர்ஐயும் பெறலாம், ஓசிஐயும் பெறலாம்.

மூன்றாவது, இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நம் ஊர்களில் அப்பா உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகள் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. வீட்டையோ மனையையோ அப்படிக் கொடுக்கலாம். ஆனால் விவசாய நிலத்தைத் தானமாகப் பெறுவதற்கு என்ஆர்ஐ, ஓசிஐ இருவருக்குமே அந்த விதிகளில் இடமில்லை. "சிட்டிசன் ஆகறதுக்குள்ள தோப்பை எழுதி வெச்சிடுவோம்" என்று அவசரமாகப் பத்திரம் போடுவது, பிள்ளை ஏற்கனவே அமெரிக்காவில் குடியிருந்தால், விதியை மீறியதாகவே ஆகும். அதற்கு உயில்தான் பொருத்தமான வழி. உள்ளூர் வழக்கறிஞரிடம் கேட்டு, மற்ற வாரிசுகளோடு பேசி உயில் எழுதிவைப்பது பின்னால் வரும் தகராறையும் தவிர்க்கும்.

நான்காவது, விற்பனை. வாரிசாக வந்த விவசாய நிலத்தை இந்தியாவில் குடியிருப்பவருக்குத்தான் விற்க முடியும். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் தன் பங்குத் தோப்பை அங்கேயே இருக்கும் தம்பிக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

அப்படியானால் வித்தியாசமே இல்லையா? ஒன்று இருக்கிறது. இந்தியக் குடியுரிமையோடு ஒருவர் ஊருக்கே திரும்பிவந்து குடியேறிவிட்டால், மற்ற எந்த இந்தியரையும் போல விவசாய நிலம் வாங்கலாம். ஓசிஐ அட்டைதாரருக்கு அந்த வசதி இல்லை. அவர்களுக்கான உரிமைகளைப் பட்டியலிடும் 2021 மார்ச் மாத மத்திய அரசு அறிவிக்கையும், விவசாய நிலத்தை விலக்கிவிட்டுத்தான் சொத்து வாங்கும் உரிமையைத் தருகிறது. ரிட்டயர்டு ஆனபிறகு ஊரில் புதிதாகத் தோப்பு வாங்கி விவசாயம் பார்க்க வேண்டும் என்பது திட்டம் என்றால், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

வரி கூடுமா?

இதிலும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவரும் அமெரிக்கக் குடிமகனும் உலகம் முழுவதும் வரும் வருமானத்துக்கு அமெரிக்காவில் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். ஊரில் வரும் வீட்டு வாடகை, வங்கி வட்டி எல்லாம் அதில் அடங்கும். விவசாய வருமானத்துக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. ஆனால் மாங்காய்க் குத்தகைப் பணத்தை அமெரிக்கக் கணக்கில் காட்ட வேண்டும். இந்திய வங்கிக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினால் தனியாகத் தெரிவிக்க வேண்டும். இவை குடியுரிமைக்கு முன்பும் உண்டு, பின்பும் உண்டு.

இன்னொன்று. கடைசி 15 வருடத்தில் 8 வருடம் கிரீன் கார்டு வைத்திருந்தவர் அதைத் திரும்பக் கொடுத்தால், நாட்டை விட்டு வெளியேறுவோருக்கான வரி விதிகள் அவருக்கும் பொருந்தலாம். மொத்தச் சொத்து 20 லட்சம் டாலர் இருந்தால் இது பெரிய தொகையாகும். ஊரில் இருக்கும் சொத்தும் அந்தக் கணக்கில் சேரும். எனவே "சிட்டிசன்ஷிப்பும் வேண்டாம், கார்டை மட்டும் வெச்சுக்கலாம்" என்பதும் காலவரம்பு இல்லாத முடிவு அல்ல.

ஓட்டு என்ன ஆகும்?

வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் 'படிவம் 6ஏ' மூலம் சொந்த ஊரில் வாக்காளராகப் பதிவு செய்யலாம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டும் தனித்தனி சட்டமன்றத் தொகுதிகள். இரண்டும் தென்காசி மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன. தேர்தல் நாளில் நேரில் வந்து பாஸ்போர்ட்டைக் காட்டி ஓட்டுப் போடலாம்.

குடியுரிமை மாறினால் இந்த ஓட்டுரிமை போய்விடும். ஓசிஐ என்ற பெயரில் 'குடியுரிமை' என்று இருந்தாலும் அது குடியுரிமை ஆகாது. ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, அரசு வேலைக்குச் செல்ல முடியாது.

பின்னால் மனசு மாறினால் வழி இருக்கிறதா? இருக்கிறது. ஓசிஐ ஆகி 5 வருடம் முடிந்தவர், விண்ணப்பிக்கும் முன் ஒரு வருடம் இந்தியாவில் குடியிருந்தால், இந்தியக் குடியுரிமைக்கு மீண்டும் விண்ணப்பிக்கலாம். அப்போது அமெரிக்கக் குடியுரிமையை விட வேண்டும்.

கிரீன் கார்டு வாங்கிய அம்மா, அப்பாவுக்கு?

பிள்ளை மூலமாக கிரீன் கார்டு வாங்கிவிட்டு, வருடத்தில் பாதி நாள் ஊரிலேயே இருக்கும் பெற்றோரும் உண்டு. இவர்களுக்கு 30 மாதக் கணக்கே முதல் தடையாக இருக்கும்.

அடுத்தது தேர்வு. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் புதிய குடிமைத் தேர்வு. 128 கேள்விகளைப் படித்துக்கொள்ள வேண்டும். அதில் 20 கேட்பார்கள், 12-க்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும். முன்பு 10 கேள்விக்கு 6 பதில் போதுமானதாக இருந்தது. ஆங்கிலம் பேச, படிக்க, எழுதத் தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள்.

50 வயதைத் தாண்டி 20 வருடம் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும், 55 வயதைத் தாண்டி 15 வருடம் வைத்திருப்பவர்களும் ஆங்கிலத் தேர்வு இல்லாமல், மொழிபெயர்ப்பாளர் உதவியோடு தமிழிலேயே குடிமைத் தேர்வை எதிர்கொள்ளலாம். 65 வயதில் கார்டு வாங்கிய ஒருவர் இந்தச் சலுகைக்கு 80 வயதுவரை காத்திருக்க வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தால் டாக்டர் சான்றோடு விலக்குக் கேட்கலாம். ஊரிலேயே இருக்கத்தான் மனசு என்றால், அவர்களுக்கு விசிட்டர் விசாவே போதுமா என்று குடும்பமாகப் பேசுவது நல்லது.

யார் உடனே போடலாம், யார் பொறுக்கலாம்?

பிள்ளை 18-ஐ நெருங்குகிறதா? 90 நாள் சாளரம் திறந்த உடனேயே போடலாம்.

ஊரில் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள நீண்டநாள் வந்து தங்க வேண்டியிருக்குமா? 5 வருடம் நெருங்கியிருந்தால், குடியுரிமையை முடித்துவிட்டு வருவது பாதுகாப்பு.

கிரீன் கார்டு காலாவதி ஆகப் போகிறதா? புதுப்பிப்புக் கட்டணத்தோடு என்-400 கட்டணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இன்னும் சில வருடத்தில் ஊருக்கே திரும்பி, நிலம் வாங்கி, ஓட்டுரிமையோடு வாழ வேண்டும் என்பது உறுதியான முடிவா? பொறுக்கலாம். ஆனால் கார்டின் 8-வது வருடத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய போலீஸ் வழக்கு, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு, வரிப் பாக்கி, தவறுதலாக அமெரிக்கத் தேர்தலில் ஓட்டுப் போட்டது என ஏதாவது இருக்கிறதா? குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசாமல் விண்ணப்பிக்கக் கூடாது. விண்ணப்பித்தால் பழைய கோப்பு முழுவதும் திறக்கப்படும். சில நேரம் கிரீன் கார்டுக்கே ஆபத்து வரலாம்.

பணம் மட்டும்தான் தடையா? 380 டாலர் சலுகைக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒருவர் முதலில், மற்றவர் அடுத்து என்று பிரித்துப் போடலாம்.

விண்ணப்பிக்கும் நாளில் அமெரிக்கக் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் அன்றைய கட்டணத்தைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம். பழைய கட்டணத்தைக் கட்டினால் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும்.

அதற்கு முன் செய்ய வேண்டியது, அடுத்த வீடியோ காலில் ஊரில் இருப்பவர்களோடு உட்கார்ந்து, கார்டு முடியும் தேதி, பிள்ளையின் பிறந்த தேதி, 5 வருடம் நிறையும் தேதி மூன்றையும் ஒரே தாளில் எழுதுவது. பெற்றோரின் உடல்நிலையையும் தோப்புப் பத்திரத்தின் நிலையையும் அதன் பக்கத்தில் குறித்துக்கொண்டால், எப்போது விண்ணப்பிப்பது என்பது பெரும்பாலும் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.